கொஸ்லந்த: ரோட்டில் நின்று பார்த்தால் தெரியாத டவுன்

ஏ4 வீதியை வரைபடத்தில் விரலால் தொடர்ந்து பார்த்திருக்கிறீர்களா? கொழும்பில் தொடங்கி, இரத்தினபுரி, பலாங்கொடை என்று மலையைப் பார்த்து ஏறும். பெரகலச் சந்தியைத் தாண்டியதும் மலையின் தெற்கு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெல்லவாயவுக்கு இறங்கும். பிறகு மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாகப் போய் மட்டக்களப்பில் முடியும். நானூறு கிலோமீட்டருக்கும் மேல். வழியில் இரத்தினக்கல், தேயிலை, ரப்பர், கரும்பு, கடைசியில் கடல். இலங்கையை ஒரே வீதியில் பார்க்க வேண்டுமென்று யாராவது கேட்டால் இதைத்தான் கைகாட்டுவேன்.

பெரகலச் சந்தியில் ஒரு பிரச்சினை இருக்கிறது. மலைநாட்டைப் பார்க்க வருகிற வாகனங்கள் அந்த இடத்தில் இடப்பக்கம் திரும்பி ஹப்புத்தளைக்கு ஏறிவிடும். குளிர், மூடுபனி, லிப்டன் சீட், ரயில் எல்லாம் மேலேதான். நேரே இறங்குகிற ரோட்டில் ஹேர்பின் வளைவுகளும், மழைக்காலத்தில் மண் சரிந்து வீதி மூடப்பட்டது என்ற செய்தியும்தான் கிடைக்கும். அந்த ரோட்டில்தான் கொஸ்லந்த.

போன விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் ஒரு பழைய டொல்பின் வேனில் பொத்துவிலுக்குக் கிளம்பினோம். பின் சீட்டுகளைக் கழற்றி மெத்தை விரித்து, ஒரு கேஸ் அடுப்பும் இரண்டு தண்ணீர் கேனும் ஏற்றிக்கொண்டோம். அமெரிக்கக்காரர்கள் வீட்டையே வண்டியாக்கி, ஆர்.வி. என்று பேர் வைத்து, ஊர் ஊராகச் சுற்றும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. எங்கள் ஆர்.வி.யில் கழிப்பறையும் இல்லை, ஏசியும் இல்லை. ரிவர்ஸ் கியர் மூன்று தரம் கெஞ்சினால்தான் விழும். கொஸ்லந்தவில் நிறுத்தச் சொன்னது நான். என் அப்பாயி பிறந்தது அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில். மற்ற நாலு பேருக்கும் அது தியலும நீர்வீழ்ச்சிக்கு முதல் வரும் ஒரு பிளேன்டி ஹால்ட், அவ்வளவுதான்.

வளைவில் இரண்டு பக்கமும் கடைகள். தகரக் கூரை. இலக்கம் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி மூடுகிற பழங்காலக் கதவுகள், அவற்றில் சில பகலிலேயே மூடிக் கிடந்தன. சாயம் போன பெயர்ப்பலகைகள். "என்னடாப்பா, செத்த டவுன் மாதிரிக் கிடக்கு" என்றான் மட்டக்களப்புக்கார நண்பன். அவன் வேனை விட்டு இறங்கி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

செத்த டவுன் என்ற சொல்லை அவன் எங்கிருந்து எடுத்தான் என்று எனக்குத் தெரியும். நாங்கள் எல்லோரும் பார்த்த வீடியோக்களில் வருவது ரூட் 66. சிகாகோவிலிருந்து கலிபோர்னியா வரை போன அந்த வீதி 1926இல் பிறந்தது. 1930களில் தூசிப் புயலும் கடனும் துரத்திய ஒக்லஹோமா விவசாயிகள் மேற்கே பஞ்சம் பிழைக்கப் போனதும் அதில்தான். பிறகு பெரிய இன்டர்ஸ்டேட் பாதைகள் வந்தன. அரிசோனாவில் செலிக்மன் என்றொரு சின்ன ஊர். 1978இல் பக்கத்தில் இன்டர்ஸ்டேட் 40 திறந்ததும், ஒரே நாளில் வாகனங்கள் நின்றுபோயின. 1985இல் ரூட் 66 என்ற இலக்கத்தையே எடுத்துவிட்டார்கள். ஆனால் செலிக்மனில் ஏஞ்சல் டெல்கடியோ என்ற முடிதிருத்துநர் சும்மா இருக்கவில்லை. 1987இல் ஊர்க்காரர்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்து, பழைய வீதியை வரலாற்று வீதியாக அறிவிக்க வைத்தார். இன்றைக்கு அந்த ஊருக்கு ஆர்.வி.க்கள் வருவதே பழசைப் பார்க்கத்தான். 'கார்ஸ்' படத்தில் வரும் ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் இந்த மாதிரி ஊர்களின் சாயல்தான்.

நல்ல கதை. வீதி விலகியது, ஊர் மங்கியது, நினைவு அதைத் தூக்கி நிறுத்தியது. கொஸ்லந்தவுக்கும் இதை அப்படியே ஒட்டலாம் போலத் தோன்றும். 2020 பெப்ரவரியில் தெற்கு அதிவேக வீதி அம்பாந்தோட்டை வரை நீண்டது. அதன்பிறகு கொழும்பிலிருந்து அறுகம்பேக்குப் போகிறவர்கள் பலர் மத்தளை வரை வழுக்கிக்கொண்டு போய், தெற்கிலிருந்தே ஏறிவிடுகிறார்கள். பலாங்கொடை, பெரகல, கொஸ்லந்த என்று யார் வளைந்து வளைந்து வருவது? எல்லவுக்குப் போகிற வெள்ளைக்காரர்களும் ரயிலில் போகிறார்கள், இல்லாவிட்டால் வெல்லவாயவிலிருந்து நேரே ராவண எல்ல பக்கம் ஏறுகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்தாலும் கொஸ்லந்தவின் கதை அதில் வராது. இந்த டவுன் ரோட்டில் போகிறவர்களை நம்பிப் பிழைத்த டவுன் இல்லை. வழிப்போக்கன் ரோட்டின் இரண்டு பக்கத்தையும்தான் பார்ப்பான். கொஸ்லந்தவைப் புரிய வேண்டுமானால் கழுத்தைத் தூக்கி மேலே பார்க்க வேண்டும், லயங்கள் இருக்கிற பக்கம்.

கொஞ்சம் பின்னுக்குப் போவோம். சிங்களத்தில் 'கொஸ்' என்றால் பலா, 'லந்த' என்றால் பற்றைக்காடு. தோட்டத்துக்கு முன்னமே இங்கே கிராமங்கள் இருந்தன என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. 1817–18 ஊவா எழுச்சியை பிரித்தானியர் நசுக்கிய விதத்தில் ஊவா கிராமங்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின. அதற்குப் பிறகு 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காணியெல்லாம் அரசனுக்கு, அரசனிடமிருந்து ஏக்கர் கணக்கில் துரைமாருக்கு. சேனைக்காடு கோப்பிக் காடானது. தோட்டத் தமிழன் வந்து கிராமத்தானின் காணியைப் பிடித்தான் என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பிடித்தவன் யார், பிடித்த காணியில் கூலிக்கு நின்றவன் யார் என்பதைப் பிரித்துப் பார்க்க 1840ஐத் தெரிந்திருந்தாலே போதும்.

இந்தப் பக்கத்து வீதிகளைப் பற்றிப் பேசும்போது ஒரு ஆளைச் சொல்லாமல் போக மனமில்லை. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ். பதுளையில் அரசாங்க அதிகாரி, வீதிகளுக்கும் பொறுப்பு. வேலை நேரம் போக மீதி நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுத் தள்ளியதாகப் பேர் எடுத்தவர். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். யானைகளின் சாபம் என்று ஊரில் சொல்வார்கள். வரலாறு படிக்கிறவர்கள் சாபத்தில் நம்பிக்கை வைக்கக்கூடாது, தெரியும். ஆனாலும் எனக்கு இந்தக் கதை பிடிக்கும்.

கோப்பிக் காலத்தில் சாமான் ஏறியதும் இறங்கியதும் மாட்டு வண்டியில். அப்போது வீதிதான் எல்லாம். பிறகு 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது, இருபது வருஷத்துக்குள் கோப்பி போய் தேயிலை வந்தது. லிப்டன் 1890இல் தோட்டங்களை வாங்கினார். 1893இல் ரயில் ஹப்புத்தளைக்கு வந்தது, அடுத்த வருஷம் பண்டாரவளைக்கு. கவனியுங்கள், ரயில் மலை முதுகின்மேல் போய்விட்டது. கொஸ்லந்த கீழே நின்றுவிட்டது. அதிவேக வீதி இந்த ஊரை விட்டு விலகுவதற்கு 127 வருஷத்துக்கு முன்னமே ரயில் விலகிவிட்டது. வாகனத்தை நம்பிய ஊராக இருந்திருந்தால் அப்போதே செத்திருக்கும். சாகவில்லை. ஏனென்றால் மேலே தோட்டங்களில் ஆள் நிறைந்திருந்தது.

மலையகத்து டவுன் எப்படி ஓடுகிறது என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாதத்தில் இருபத்தைந்து நாள் பஜார் தூங்கும். சம்பளம் போட்ட அன்றைக்கும் அடுத்த ஞாயிறும் நிற்க இடமிருக்காது. மாவு, பருப்பு, கருவாடு, தேங்காய் எண்ணெய், பிள்ளைக்குச் சப்பாத்து, கிழவிக்கு வெற்றிலை. அந்த இரண்டு நாளைத் தவிர்த்து வந்து பார்க்கிற எவனும் செத்த டவுன் என்றுதான் சொல்வான். தீபாவளி அட்வான்ஸ் கொடுத்த கிழமையில் வந்து பார்த்தால் சென்னை தி.நகரா இது என்பான்.

சம்பளத்துக்கும் சம்பளத்துக்கும் நடுவில் ஓடுவது கடன். அதற்குத்தான் கடைக் கொப்பி. முதலாளியிடம் ஒன்று, வாங்குகிறவர் வீட்டில் ஒன்று. தோட்டத்துச் செக்றோலில் ஆளுக்கு ஒரு நம்பர், அன்றைக்குப் பேர் விழுந்ததா அரைப்பேரா என்பது மட்டும்தான் இருக்கும். கடைக் கொப்பியில் மனிதர் தெரிவார். எந்த மாதம் பால்மா வாங்கினார்கள், எந்த மாதம் நிறுத்தினார்கள், எந்த மாதம் மல் துணியும் சாம்பிராணியும் வாங்கினார்கள். கலைப்பீடத்தில் எங்களுக்குச் சுவடிக்கூடம் என்று சொல்லித் தருவது ஆளுநரின் கடிதங்கள் இருக்கிற இடத்தை. எனக்கென்னவோ மலையகத்தின் சுவடிக்கூடம் பஜார்க் கடைகளின் பின்னறையில் இருந்தது என்றே தோன்றுகிறது.

கொஸ்லந்தவில் நாங்கள் பிளேன்டி குடித்த கடையின் ஐயாவிடம் இதைக் கேட்டேன். "பழைய கொப்பி இருக்குங்களா ஐயா?" அவர் வடையைத் தட்டில் வைத்துக்கொண்டே சிரித்தார். "எங்க தம்பி, அதெல்லாம் வடை சுத்தியே முடிஞ்சிருச்சு." என் தட்டில் வடைக்குக் கீழே இருந்ததும் கோடு போட்ட கொப்பித் தாள்தான். யாரோ பிள்ளையின் கணக்குப் பாடம். ஒரு கழித்தலில் கடன் வாங்க மறந்திருந்தது.

அந்தக் கொப்பிகளில் இருந்த வாடிக்கையாளர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் கொஸ்லந்தவின் வரலாறு. ஒரேயடியாகப் போகவில்லை. தவணை தவணையாகப் போனார்கள், ஒவ்வொரு தவணைக்கும் கொழும்பில் ஒரு காகிதம் இருந்தது.

1947 தேர்தலில் பதுளையில் வென்றவர் இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா. நாடு முழுவதும் அந்தக் கட்சிக்கு ஏழு ஆசனம். தோட்டத்துத் தமிழருக்கு வாக்குச்சீட்டின் ருசி தெரிந்த வருஷம் அது. அடுத்த வருஷமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்றிதழ் கொண்டு வா, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்குக் கொண்டு வா என்றது. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் சான்றிதழ் எங்கே இருந்தது? 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து அந்தக் கட்சியில் ஒருவரும் இல்லை. வாக்களிக்க ஆளில்லாதபோது ஜெயிக்க ஆள் எப்படி வரும்?

1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நாங்கள் ஓ.எல். வகுப்பில் எண்களாகவே பாடமாக்கினோம். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். பிறகு என்பது 1974, அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கடைக் கணக்குக்கூட இவ்வளவு சுத்தமாகப் பிரியாது.

என் அப்பாயிக்கு இரண்டு அக்கா. ஒருத்தர் இந்தியாவுக்கு எழுதிப் போட்டார், ஒருத்தர் இலங்கைக்கு. ஏன் என்று கேட்டால், புருஷன் வீட்டார் எங்கே எழுதினார்களோ அங்கே, என்பார் அப்பாயி. தலைமன்னாருக்குப் போகிற ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பேர். ஸ்டேஷனில் ஏறுகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் மாரடித்து அழுகிற சத்தம் அப்படி. அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். தமிழ்நாட்டு அரசு இவர்களுக்காகவே நீலகிரியில் தேயிலை நட்டது. 1968இல் தொடங்கிய அந்த வேலைதான் பிறகு டான்டீ என்ற கழகமானது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்களுக்கு இன்றைக்கும் 'சிலோன்காரர்' என்றே பெயர். இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர். பெரிய அக்கா கோத்தகிரியிலிருந்து எழுதிய கடிதங்களில் ஒவ்வொன்றிலும் கொஸ்லந்த பஜாரில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்திருப்பாராம். உறவுக்காரரை விசாரித்து முடித்ததும் அடுத்த வரி கடைக்காரரைப் பற்றி.

நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அப்படிப் போனார்கள். ஒவ்வொரு குடும்பமும் போகும்போது எங்கோ ஒரு பஜாரில் ஒரு கொப்பி மூடப்பட்டது. போகாதவர்களுக்கு 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசாங்கத்துக்கு மாற்றின. அந்த மாற்றத்தோடு சேர்ந்து பஞ்சமும் வந்தது. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச்சாவு. மரவள்ளியும் கீரையும் தின்று கிடந்த அந்தக் கதையை எங்கள் வீட்டில் சாப்பாட்டை வீணாக்கும்போதெல்லாம் சொல்வார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். வன்னியில் அவர்களுக்கு என்ன நடந்தது என்பது வேறு கட்டுரை, யாராவது எழுத வேண்டும். 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. டவுன் என்றாலே பயம் என்று ஒரு தலைமுறை அங்கிருந்து ஆரம்பிக்கிறது.

பிறகு 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறின. பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. ஐம்பத்தைந்து வருஷம். ஆனால் ஆளை மனிதனாக ஏற்றுக்கொண்ட நேரத்தில் பிள்ளைகள் கொழுந்து எடுக்கத் தயாராக இல்லை. எப்படித் தயாராவார்கள்? நாளுக்கு ஆயிரம் ரூபா கேட்டு வருஷக்கணக்கில் போராடி, அது வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். வந்தபோது ஆயிரம் ரூபாவின் பெறுமதி குறைந்துவிட்டது. கொழும்பில் புடவைக்கடை, சாப்பாட்டுக்கடை, ஆமென்ட் பேக்டரி, இல்லாவிட்டால் மத்திய கிழக்கு. சம்பளம் இப்போது போனில் வருகிறது. சாமானை பண்டாரவளை சூப்பர் மார்க்கெட்டில் வாங்குகிறார்கள். கடைக் கொப்பிக்கு வேலை குறைந்துவிட்டது. இதைச் சோகக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. லயத்தை விட்டு வெளியேறியவர்களில் நானும் ஒரு ஆள். பஜார் மங்கக்கூடாது என்பதற்காக ஒரு பிள்ளை மலையேறிக் கொழுந்து எடுக்க வேண்டும் என்று எந்த மனசாட்சியோடு சொல்வது?

ஆனால் ஒரு விஷயத்தை விடக்கூடாது. வீதியோரக் கடைகளுக்கும் மேலே இருக்கிற லயத்துக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு எல்லைக்கோடு இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 33ஆம் பிரிவில் தோட்டத்து மக்களை வெளியே தள்ளி வைத்திருந்தது. சபைக்கு வாக்குப் போடலாம், உறுப்பினராகவும் வரலாம். ஆனால் சபையின் காசைத் தோட்டத்துக்குள் ரோட்டுக்கோ தண்ணீருக்கோ செலவழிக்கச் சட்டத்தில் வழியில்லை. தோட்டம் கம்பனியின் இடம் என்பது நியாயம். இது திருத்தப்பட்டது 2018இல். நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க, தார் ரோடு எங்கே முடிந்து கல் ரோடு எங்கே தொடங்குகிறது என்பதை வைத்தே அரசாங்கம் எதுவரை இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

வீட்டுக்கு விலாசமும் கிடையாது. தோட்டத்தின் பேர், டிவிஷனின் பேர், அவ்வளவுதான். கடிதம் தோட்ட ஆபீஸுக்கு வரும், கிளாக்கர் ஐயா கொடுக்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், வேலை நேர்முகக் கடிதம் எல்லாம் பிந்தி வந்து வாழ்க்கை மாறிய ஆட்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். விலாசம் இல்லாமல் வாழ்வது எப்படியிருக்கும் என்பது சில வேளை கடிதத்தில் தெரியும். சில வேளை சாவில் தெரியும்.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. கொஸ்லந்தவுக்கு மேலே, மீரியபெத்த. காலை ஏழரை மணியளவில், நாள்கணக்காகப் பெய்த மழையில் ஊறிய மலை வழிந்து இறங்கியது. லயங்களும் கோயிலும் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பிழைத்தார்கள், திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் செம்மண். கொஸ்லந்தவிலும் பூனாகலையிலும் பள்ளிக்கூடங்கள் அகதி முகாமாயின. அந்தக் கிழமை உலகம் முழுக்க கொஸ்லந்த என்ற பேர் செய்தியில் வந்தது.

செத்தவர்கள் எத்தனை பேர்? முதல் நாள் நூறு என்றார்கள், இருநூறு என்றார்கள், முந்நூறு என்றுகூட வந்தது. பிறகு எண் இறங்கிக்கொண்டே வந்து, நாற்பதுக்கும் கீழே நின்றது. குறைந்ததில் சந்தோஷம்தான், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து வந்தது என்பதை ஒன்றரை நூற்றாண்டாகக் கிராம் பிசகாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு லயத்தில் அன்றைய காலையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை ஒரு நாட்டால் சொல்ல முடியவில்லை.

முன்னெச்சரிக்கையும் இருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் இந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தது. சரிவுக்குப் பிறகு உத்தியோகத்தர்கள் தரப்பில் வந்த பேச்சு: போகச் சொன்னோம், போகவில்லை. எனக்கு இந்த வாக்கியத்தில் கோபம் வராத நாளில்லை. எங்கே போவது? வீடு தோட்டத்துடையது, காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது. 1840இல் கைமாறிய காணியில் ஒரு பேர்ச்கூட அந்த மண்ணைக் கொத்தியவர்களின் பேரில் இல்லை. சொந்தமாக இறங்கிப்போக ஒரு முழம் நிலம் இல்லாதவரிடம் இறங்கிப்போ என்று சொல்வதை எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளலாமா? சொன்ன கடமை முடிந்தது என்று கைகழுவத்தான் அது உதவும்.

தப்பியவர்கள் மக்கல்தெனியவில் ஒரு தேயிலை பேக்டரிக்குள் தடுப்புப் போட்டு இருந்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்து, இராணுவம் கட்டிய 75 வீடுகள் அவர்களுக்குக் கிடைத்தன. தனி வீடு, ஏழு பேர்ச் காணி என்ற பேச்சு மலையகம் முழுக்கச் சூடு பிடித்தது அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். 2023 மார்ச்சில் பூனாகலை, கபரகலைத் தோட்டத்தில் மறுபடி மண் சரிந்தது. மறுபடி லயம்.

பிளேன்டிக் கடையில் மீரியபெத்த பற்றி நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. பக்கத்து மேசையில் இருந்த ஒரு அக்காதான், நாங்கள் கம்பஸ் பிள்ளைகள் என்று தெரிந்ததும், "அங்க மேலயா போறீங்க? படம் புடிக்கவா?" என்று கேட்டார். இல்லை, தியலும பார்க்கப் போகிறோம் என்றோம். "அப்பச் சரி" என்று டீயைக் குடித்தார். அந்த 'அப்பச் சரி'க்குள் எத்தனை கேமராக்கள் வந்து போனதோ.

தியலும 220 மீட்டர் உயரம், நாட்டில் இரண்டாவது. முதலாவதான பம்பரகந்தையும் இதே ஏ4 வீதியிலிருந்து பிரிகிற பாதையில்தான், 263 மீட்டர். வெளிநாட்டுக்காரர்கள் தேடி வருவது தியலுமவின் உச்சியில் இருக்கிற குளங்களை. விளிம்பில் நின்று படம் எடுத்தால் லைக் அள்ளும். அந்தக் குளங்களுக்குப் போகிற ஒரு வழி பூனாகலை ரோட்டில் ஏறி மக்கல்தெனிய பக்கமாகப் போகிறது. வாடகைக்கு எடுத்த ஆட்டோவைத் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்த இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் எங்களைத் தாண்டிப் போனார்கள், பிறகு ஒரு நிஜ கெம்பர் வேனும் போனது, எங்கள் வேனைப் பார்த்து ஹாரன் அடித்தார்கள். பஜாரில் யாரும் நிறுத்தவில்லை.

செலிக்மன் மாதிரி கொஸ்லந்தவும் ஒரு நாள் பழைய டவுன் என்று படம் பிடிக்கப்படலாம். பலகைக் கதவுகளுக்கு வர்ணம் பூசி, பிளேன்டியை ஐந்து மடங்கு விலைக்கு விற்று, 'சிலோன் ஹெரிடேஜ் பஜார்' என்று போர்டு மாட்டலாம். ஊர்க்காரர்களுக்கு நாலு காசு வந்தால் நான் எதிர்க்க மாட்டேன். டெல்கடியோவுக்கு ஒரு வசதி இருந்தது. அவருடைய ஊர்க்காரர்களுக்கு ஊர் சொந்தமாக இருந்தது, கடை உறுதியும் வீட்டு விலாசமும் இருந்தன. எங்களுடைய பஜார் யாரால் ஓடியதோ அவர்களுடைய பேர் எந்த உறுதியிலும் இல்லை. இருந்த பேர்கள் கடைக் கொப்பியில் இருந்தன, கொப்பி வடை சுற்றப் போய்விட்டது.

எங்கள் வீட்டில் தேடியபோது அப்பாயியின் ட்ரங்குப் பெட்டியில் 1980களின் ஒரு கொப்பி கிடைத்தது. வீட்டுக்காரர் வைத்திருக்கும் பக்கத்துக் கொப்பி. மாவு, சீனி, மண்ணெண்ணெய். ஒரு பக்கத்தில் கோத்தகிரிக்குப் போட்ட கடிதத்தின் முத்திரைச் செலவு. தீபாவளி மாதத்தில் மட்டும் கணக்கு இரண்டு பக்கம் போகிறது, அடுத்த நாலு மாதமும் அதைக் கட்டுகிறார்கள்.

மலையகத்து வீடுகளில் இப்படி ஒன்றாவது கிடக்கும். கடைக் கொப்பி, குடும்ப அட்டை, இந்தியாவிலிருந்து வந்த நீலக் கடிதம், பழைய சம்பளத் துண்டு. லயத்திலிருந்து புதுவீட்டுக்கு மாறும்போதுதான் பெரும்பாலும் இவை குப்பைக்குப் போகின்றன. உங்கள் வீட்டில் இருந்தால் கொளுத்த விடாதீங்க. கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்க. கடைசி அட்டையின் உள்பக்கத்தையும் எடுங்க. யாரிடம் யார் கைமாற்று வாங்கினார்கள் என்று பேர் சொல்லி எழுதியிருப்பது அங்கேதான்.